சிரிப்பு மாலையில் சொன்னது

ஆட்டுக் காட்சிக்குப் போகலாம் என்று சொன்னது ஹாகோபாதான். வாலிபம் முழுவதும் ஆட்டுக் கம்பளியைக் கத்தரித்தே முதுகை வளைத்துக்கொண்டவன், விடுமுறைக்கு வந்த ஊரில் சீட்டு வாங்கி ஆடு பார்க்கப் போகிறேன் என்றால் ராவினியாவுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

"ஊர்ல கண்ணைத் திறந்தா ஆடு, மூடுனா ஆடு. இங்க வந்தும் ஆடா?"

"அங்க ஆட்டுக்கு நான் வேலைக்காரன். இங்க நான் காலை நீட்டி உக்காருவேன், ஆடு எனக்கு வேலை செய்யும். ஒரு நாளாவது அதைப் பாத்துட்டுச் சாகுறேனே."

"வாயைக் கழுவு."

"சாயங்காலம் சுடுதண்ணித் தொட்டிக்குத்தானே போறோம். அப்ப உடம்போட சேத்துக் கழுவிக்கிறேன்."

ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை அது. பூமியின் அந்தத் தென்பாதியில் குளிரும் மழையும் விடாத நாட்கள். கிழக்குக் கரையில் ராவினியாவின் ஊர். அங்குள்ள பள்ளிக்கூடத்து நூலகம் அவள் பொறுப்பில் இருந்தது. ஹாகோபா பிறந்தது இந்த ரோட்டோருவாவில், ஏரிக்கரையில் பூர்வகுடி மாவோரிகள் வாழும் சேரியில். கத்தரிப்புக் குழுவோடு கிழக்கே வந்தவன் அவளைப் பார்த்தான், அங்கேயே தங்கிவிட்டான். பிறந்த ஊருக்கு வருவதெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். இந்தத் தடவை ஒரு காரணமும் இல்லாமல் வந்திருந்தார்கள். அவன் அக்கா ரிபேகாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

"நாளைக்குப் போவோம்" என்றான். "ஊருக்குள்ள கால வச்சா உன்னை சமையக்கட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க, என்னைப் பெருசுகள் பக்கத்துல உக்கார வச்சுருவாங்க. இன்னைக்கு ஒரு நாள் நாம ரெண்டு பேரும் ஊர் சுத்த வந்த வெளியூர்க்காரங்க."

கொட்டகை நிறையக் கூட்டம். பேருந்துகளில் வந்து இறங்கிய ஜப்பானியர்கள் முன் வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். பாட்டு முழங்க, கிடாக்கள் ஒவ்வொன்றாக மேடையேறி, தன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே போய் நின்று, கிண்ணத்தில் வைத்த தீனியில் மூக்கை விட்டன. ஒவ்வொன்றும் ஒரு சாதி. கறுப்பு முகம், வெள்ளை முகம், கண்ணே தெரியாமல் கம்பளி மூடிய முகம். எல்லாவற்றுக்கும் மேல், உச்சிப் படியில், சுருண்ட கொம்போடு மெரினோ கிடா. அது மட்டும் தீனியைத் தொடவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது.

"யாரு மாதிரி இருக்கு சொல்லு?" என்று காதில் கேட்டான் ஹாகோபா.

"யாரு?"

"தியோபிரா அண்ணன்."

ராவினியா வாயைப் பொத்திக்கொண்டாள். தியோபிரா அவனுடைய பெரியப்பா மகன். சபையில் அந்தச் சேரிக்காகப் பேசுகிறவர். கைத்தடியோடு எழுந்து நின்று, பேசுவதற்கு முன் இப்படித்தான் ஒரு பார்வை பார்ப்பார்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த சிவப்புத் தாடி வெள்ளைக்காரன் கம்பளி கத்தரிக்கும் கருவியைக் கையில் எடுத்தவன், கூட்டத்தில் எதையோ பார்த்து நின்றான்.

"அடேய், கூன் முதுகு! நீயாடா அது? செத்துட்டேன்னு சொன்னாங்க!"

"உன் பாட்டைக் கேட்டா சாவு வரும்னு தெரியும், அதான் பின்னாடி உக்காந்திருக்கேன்!" என்று கத்தினான் ஹாகோபா.

அவன் முர்ரே, பழைய குழுக்காரன். இனி விடுவானா? மேடைக்கு வா, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அசல் கையைக் காட்டு என்று பிடித்துக்கொண்டான். ராவினியா ஹாகோபாவின் சட்டையைப் பிடித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு ஆடு, ராவி. ஒண்ணே ஒண்ணு."

பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஏறினான். ஆட்டைத் தூக்கி உட்காரவைத்து முழங்கால்களுக்கு இடையில் சாய்த்ததும் அது கால்களைத் தளரவிட்டது. பழகிய கை என்று ஆட்டுக்குத் தெரியும். முதலில் வயிறு. பிறகு பின்னங்கால், கழுத்து. பிறகு முதுகு நெடுகப் போகிற நீள வீச்சு. கம்பளி எங்கும் கிழியாமல் ஒரே போர்வையாக உரிந்து விழுந்தது. அவன் வேகமாகச் செய்யவில்லை. ஆனால் ஒரு அசைவு வீணாகவில்லை. கடைசியில் ஆடு வெள்ளைவெளேரென்று எழுந்து நின்று எல்லோரையும் பார்த்து வெட்கப்படுவதுபோல முழித்தது. கொட்டகை கைதட்டியது.

ராவினியா மட்டும் கைதட்டாமல் அவன் நிமிர்வதற்காகக் காத்திருந்தாள். அவன் நிமிர்ந்தான், ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன். மூஞ்சியை அப்படி வச்சுக்காத. கம்பளி நாத்தம் போகக் குளிச்சா சரியாப் போகும்."

சேரியின் பின்புறத்தில், ஊருக்குள் நுழையாமலே போகக்கூடிய இடத்தில், குளியல் தொட்டிகள் இருந்தன. கொதி ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே ஓடி ஆறிவரும் தண்ணீர் சிமெண்டுத் தொட்டிகளில் நிறையும். சேரிக்காரர்கள் சாயங்காலம் வந்து முங்கிவிட்டுப் போவார்கள். அன்று தூறலாக இருந்ததால் யாரும் இல்லை. இருவரும் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்தார்கள். மேலே குளிர் மழை, கீழே சுடுநீர். கந்தக வாடையை ராவினியாதான் உணர்ந்தாள். அவனுக்கு அது தாய் வீட்டு அடுப்படி வாடை.

எதிர்ச் சரிவில், ஆவிக்கு நடுவே, கல்லறைகள் தெரிந்தன. அந்த மண்ணைத் தோண்டினால் வெந்நீர் வரும். அதனால் அங்கே யாரையும் புதைப்பதில்லை. தரைக்கு மேல் சிமெண்டில் பெட்டி கட்டி, அதற்குள் வைத்து மூடிவிடுவார்கள். வெள்ளையடித்த பெட்டிகளின் இடுக்குகளிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"பாரு, என் சொந்தக்காரங்க எல்லாம் வெந்துக்கிட்டிருக்காங்க" என்றான் ஹாகோபா. "எங்க அப்பாவுக்கு இந்நேரம் பதமா வெந்திருக்கும்."

"சும்மா இரு. யார் காதுலயாவது விழப்போகுது."

"பொறந்ததுலேருந்து இந்த ஆவியில வெந்தாச்சு. செத்த பெறகும் துணியில கட்டுன புட்டிங் மாதிரி வேகணுமா நான்?" உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை உப்பி, புட்டிங் கொதிக்கிற சத்தத்தை வாயால் எழுப்பினான். ராவினியா சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான்: "என்னை எரானா பக்கத்துல போடு, ராவி. அந்தக் குளுந்த மணல்ல. புள்ள அங்க தனியா கெடக்கு."

எரானா அவர்களுடைய ஒரே மகள். எட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டே நாளில் கொண்டுபோயிற்று. ராவினியா தண்ணீருக்குள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் எழுந்தது அவன்தான். துவட்டிக்கொண்டு, உடுத்திக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தான். அவள் தலையைத் துவட்டிவிட்டுத் திரும்பியபோதும் குனிந்தே இருந்தான். கயிற்றின் இரண்டு நுனியும் கையில் இருந்தன. முடிச்சு விழவில்லை.

*

யார் ஓடினார்கள், யார் சொன்னார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. ரிபேகா முழங்கை வரை மாவோடு ஓடிவந்தது நினைவிருக்கிறது. "ஊருக்கு வந்தவன் என் வீட்டு வாசலை மிதிக்காம போயிட்டானே" என்று தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினாள். இதயம்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சேரி மண்டபத்தில் பாய் விரித்தார்கள். செத்துப்போன உறவினர்களின் புகைப்படங்களைச் சுவரிலிருந்து இறக்கிப் பெட்டியைச் சுற்றி வைத்தார்கள். ராவினியாவின் தலையில் பச்சை இலை வளையத்தைச் சூட்டிப் பெட்டியின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். இனி மூன்றாம் நாள் அடக்கம்வரை அவள் இடம் அதுதான். பொழுது சாயும் வரை பட்டினி.

மாவோரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணம் யாருக்கு என்பதைச் சண்டை போட்டுத்தான் தீர்ப்பார்கள். பிறந்த ஊர் விடாது, புகுந்த ஊர் விடாது. வார்த்தைதான் ஆயுதம், சில சமயம் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. வெளியார் பார்த்தால் அசிங்கம் என்பார்கள். ஆனால் சண்டையே இல்லாமல் விட்டுக்கொடுப்பதுதான் அசிங்கம். இவன் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்வது அது.

எரானா செத்தபோது இந்த ஊர்க்காரர்கள் ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். எங்கள் ரத்தம், எங்களுக்குக் கொடு என்று தியோபிரா நாள் முழுக்க முழங்கினார். ராவினியாவின் தாய்மாமன் பராதேனே எதிரில் நின்று வார்த்தைக்கு வார்த்தை வெட்டினார். கடைசியில் அவர்கள் வெறும் பேருந்தோடு திரும்பினார்கள். போகும்போது தியோபிரா ராவினியாவின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா சண்டை போட்டாரு உங்க மாமா. புள்ளைக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள், அங்கே உட்காருவதற்கு முன்பே, ரிபேகா வீட்டுத் தொலைபேசியில் பராதேனேவைப் பிடித்தாள் ராவினியா.

"மாமா, அவன் எங்கிட்ட சொன்னான். எரானா பக்கத்துல போடச் சொன்னான்."

மறுமுனையில் கிழவர் மூச்சை இழுத்துவிட்டார். "எப்ப சொன்னான்?"

"சாகுறதுக்கு முன்னால. தொட்டியில."

"அது போதும். செத்தவன் வாக்குக்கு முன்னால எந்த ஊர்ப் பேச்சும் நிக்காது. ஆனா கேளு, பொண்ணே. அந்த வார்த்தையைக் கீழ விட்டுராத. சமையக்கட்டுல சொல்லாத, நாத்தனார்கிட்ட சொல்லாத. நான் வந்து, பகல் வெளிச்சத்துல, பெட்டிக்கு முன்னால நின்னு அதை எறக்கி வைக்கிறேன். அதுவரைக்கும் அதை வாய்க்குள்ளயே வச்சிரு."

"நானே எந்திரிச்சு சொல்லிரட்டுமா?"

"நம்ம ஊர்ல சொல்லலாம். உங்க அம்மா பேசாத சபையா? ஆனா அந்த ஊர்ல பொம்பளை எந்திரிச்சா ஆம்பளைங்க எல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்துருவாங்க. காரியம் அதோட கெட்டுப்போகும். பஸ்ஸு பேசிட்டேன். நாளைக்கு வந்துருவோம்."

அன்று இரவே கிழக்குக் கரையில் மழை கொட்டியது. கடலோரச் சாலையில் பாலம் போயிற்று. மலை இடுக்குச் சாலையில் மண் சரிந்தது. மறுநாள் கரைக்குத் தொலைபேசிக் கம்பியும் இல்லை.

இரண்டாம் நாள் முழுவதும் கூட்டம் வந்து அழுது, பேசி, சாப்பிட்டுப் போனது. கரையிலிருந்து ஒருவரும் இல்லை. தியோபிரா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்தார். நடக்க நடக்க அவர் முகம் கறுத்தது.

"எங்கப்பா அவங்க? என் தம்பி அவங்க ஊர்ல உழைச்சுக் கொட்டியிருக்கான். அவனுக்காக எங்கிட்ட வந்து ஒரு வசவு வைய ஆளில்லையா? இவ்வளவுதானா அவன் மதிப்பு?"

"ரோடு இல்ல அத்தான்" என்றாள் ராவினியா தலைமாட்டிலிருந்து.

"எரானாவுக்காக நாங்க போனப்ப பனி விழுந்துச்சு. போகலையா? வண்டியைத் தள்ளிக்கிட்டே போனோம்."

அவர் கோபம் உண்மையானது. அதில் கண்ணீரும் இருந்தது. அவன் சொன்ன வார்த்தை ராவினியாவுக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமா சொல்லியிருக்கிறார்: வாய்க்குள்ளேயே வச்சிரு.

*

அடக்கத்துக்கு முந்தின மாலை சிரிப்புக்கு உரியது. இரண்டு நாள் அழுதது போதும் என்று, விளக்கேற்றிச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பெட்டியைச் சுற்றிப் படுக்கைகளில் சாய்ந்துகொள்வார்கள். யாரும் எழுந்து செத்தவனைப் பற்றி வேடிக்கை சொல்லலாம், பாடலாம், அவனை வையலாம். அன்றைய பேச்சை மறுநாள் யாரும் எடுக்கக்கூடாது. அந்த மாலையில் ஆண் பெண் கணக்கில்லை. பகலில் வாய் திறக்காத பெண்கள்தான் அன்று அதிகம் பேசுவார்கள்.

ரிபேகா, தம்பி சின்ன வயதில் கோயில் பாதிரியாரின் கால்சட்டையைக் கொதி ஊற்றில் போட்டு வேகவைத்த கதையைச் சொன்னாள். முர்ரே வந்திருந்தான். கத்தரிப்புக் கொட்டகையில் ஹாகோபா தூக்கத்தில் தலையணையைக் கத்தரித்ததை நடித்துக் காட்டி, நடுவிலேயே அழுதுவிட்டான். எல்லோரும் அவன் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரிக்கவைத்தார்கள்.

ராவினியா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளை காலை மூடி விழும். மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் வராவிட்டால் வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே செத்துப்போகும். இந்த ஊரில் அவள் எழுந்து நிற்கக்கூடிய ஒரே வேளை இதுதான்.

எழுந்தாள்.

"ஆகா, அண்ணி எந்திரிச்சிட்டா!" என்று எவளோ கத்தினாள். "கரைக்காரி பேசப்போறா, எல்லாம் காதைப் பொத்துங்க!"

"பொத்திக்கிட்டுக் கேளுங்க" என்றாள் ராவினியா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. நேராக விஷயத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை. கூட்டத்தை முதலில் தன் பக்கம் இழுத்துக்கொள்ள நினைத்தாள். மெரினோ கிடாவில் ஆரம்பித்தாள். உச்சிப் படியில் நின்று அது பார்த்த பார்வையைப் பார்த்துக் காட்டினாள். "யாரு மாதிரின்னு கேட்டான். எனக்குத் தெரியலைன்னேன். தியோபிரா அண்ணன்னான்."

மண்டபம் வெடித்தது. தியோபிராவே தொடையில் அடித்துச் சிரித்தார். "நாய்ப்பய! செத்தும் என்னை விடமாட்டேங்குறானே! கொம்பு மட்டும்தான் எனக்கு இல்ல!"

"கொம்பும் இருந்துச்சுய்யா, உங்க வீட்டுக்காரி சீவி விட்டுட்டா!" என்று ஒருவன் மூலையிலிருந்து சொல்ல, மறுபடி வெடித்தது.

அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தெம்பு வந்தது. இப்போது கேட்பார்கள் என்று தோன்றியது. தொட்டியைச் சொன்னாள். எதிர்ச் சரிவைச் சொன்னாள். "அப்பாவுக்குப் பதமா வெந்திருக்கும்னான்." பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். "செத்த பெறகும் துணியில கட்டுன புட்டிங் மாதிரி வேகணுமான்னு கேட்டான்." உதட்டைப் பிதுக்கினாள். கன்னத்தை உப்பினாள். அவன் எழுப்பிய சத்தத்தை எழுப்பினாள்.

அச்சு அசல் அவன். முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு வராதா? பெட்டிக்குள்ளிருந்து அவனே செய்ததுபோல இருந்தது. பாயில் கிடந்தவர்கள் உருண்டார்கள். ரிபேகாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கிழவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க ராவினியாவுக்கும் வந்துவிட்டது. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்த நெஞ்சு திறந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள்: "என்னை எரானா பக்கத்துல குளுந்த மணல்ல போடுன்னான்!"

அதற்கும் சேர்த்தே சிரித்தார்கள். "ஐஸ்பெட்டியில வைக்கச் சொல்லலையே, அது வரைக்கும் சரி!" என்றான் மூலைக்காரன்.

ராவினியா நின்றுகொண்டே இருந்தாள். இன்னொரு முறை சொல்லலாம், மெதுவாக, சிரிக்காமல் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஒரு பெண் கிட்டாரை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ரிபேகா அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, நெற்றியோடு நெற்றியை வைத்து, "நல்லா சொன்ன, தங்கச்சி. என் தம்பியைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துட்ட" என்றாள்.

*

விடிந்து, பிரார்த்தனை தொடங்குவதற்குள், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சக்கரம் தெரியாமல் சேறு. அதிலிருந்து பராதேனே இறங்கினார். அவரோடு நாலு பேர். நேப்பியர் வழியாக, பாதித் தீவைச் சுற்றிக்கொண்டு, ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டி வந்திருந்தார்கள். கிழவரின் கோட்டு கசங்கிக் கிடந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் வாசலைத் தாண்டியதும் முதுகு நிமிர்ந்தது.

ராவினியாவுக்கு அவரைப் பார்த்ததும் வந்தது மகிழ்ச்சி இல்லை. நேற்றைய சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது.

தியோபிரா எழுந்தார். கைத்தடியைச் சுழற்றி இப்படியும் அப்படியும் நடந்தார்.

"வாங்க, கரைக்காரங்களே! மூணு நாளா வாசலைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. எத்தனை பஸ்ஸு வரும்னு பாத்தா, வந்தது ஒரு கூட்டம், ஒரு காருக்குள்ள அடங்குது! என் தம்பி ஒரு காருக்குத்தான் பெறுவானா?"

பராதேனே நிதானமாக எழுந்தார். "பாலம் ஆத்துல கெடக்கு, மலை ரோட்டுல கெடக்கு. பஸ்ஸு அந்தப் பக்கமே நிக்குது, அதுக்குள்ள எங்க ஜனம் அழுதுக்கிட்டு உக்காந்திருக்கு. அஞ்சு பேருதான் வந்தோம். பெட்டி தூக்க நாலு பேர் போதும்யா. ஒருத்தன் அதிகம்!"

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது, ரசித்த முனகல். தியோபிராவின் முகம் மலர்ந்துவிட்டது. சண்டை வந்துவிட்டது. தம்பிக்கு மரியாதை வந்துவிட்டது.

இரண்டு பேரும் விளாசினார்கள். உன் ஊர்த் தண்ணியில உப்பு, என் ஊர்த் தண்ணியில உயிர் என்றார் ஒருவர். உன் ஊர்ல பொணமும் நாறும் மண்ணும் நாறும், எது எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்ப என்றார் மற்றவர். தியோபிரா எரானாவைச் சொன்னார். "நாக்கு வறள வறளக் கேட்டேன். குடுத்தீங்களா? ஒரு சின்னப் பெட்டி. அதைக் குடுக்கலை. இப்ப பெரிய பெட்டியையும் கேக்குறீங்க. எங்களுக்கு என்னதான் மிச்சம்?"

பராதேனே தலையை அசைத்து ஒப்புக்கொண்டார். பிறகு பெட்டியின் பக்கம் வந்து, தொப்பியைக் கழற்றினார்.

"நான் கேக்கலை. இவன் கேக்குறான். சாகுறதுக்கு முன்னால பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான். என்னை எம் பொண்ணு பக்கத்துல..."

"குளுந்த மணல்ல போடு" என்று முடித்தார் தியோபிரா.

பராதேனே திரும்பினார்.

தியோபிராவின் குரல் தாழ்ந்திருந்தது. சண்டைக் குரல் இல்லை அது. "அந்த வார்த்தையை நேத்தே கேட்டுட்டோம், பெரியவரே. உங்க பொண்ணுதான் எந்திரிச்சு சொன்னா. சிரிப்பு மாலையில. அருமையா சொன்னா. நாங்க வயிறு நோகச் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. பெட்டியும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு." தடியை ஊன்றினார். "அந்த மாலையில விழுந்தது அந்த மாலையோட போச்சு. ராத்திரி சிரிச்ச வார்த்தையை விடிஞ்சதும் அழுது கேக்க முடியுமா? உங்க ஊர்ல முடியுமா? சொல்லுங்க. முடியும்னா நான் உக்காந்துடுறேன்."

பராதேனே ராவினியாவைப் பார்த்தார். நிஜமா என்று அந்தக் கண் கேட்டது. அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அது மூன்று நாளில் அவள் செய்த மிகக் கஷ்டமான காரியம்.

கிழவர் பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் முடியும் என்று சொல்லியிருந்தால் வாக்குத் தவறாத தியோபிரா உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த வழக்கம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

"முடியாது" என்றார் பராதேனே. "குழந்தையை நாங்க வச்சுக்கிட்டோம். தகப்பனை நீங்க வச்சுக்குங்க."

அவரோடு வந்த நாலு பேரும் எழுந்து பாடினார்கள். களைத்த குரல்கள், நாலும் நாலு சுதியில். தியோபிரா அழுதுகொண்டே வந்து, அவர்கள் வழக்கப்படி கிழவரின் மூக்கோடு மூக்கை வைத்தார். ஜெயித்தவர் அழுகை போலவே இல்லை அது. பிற்பாடு ராவினியாவிடம், "இன்னும் கொஞ்ச நேரம் நின்னு என்னைத் திட்டியிருக்கலாம் உங்க மாமா" என்றார்.

*

ஹாகோபாவைச் சரிவுக்குத் தூக்கிப்போனார்கள். சிமெண்டுப் பெட்டி தயாராக இருந்தது. உள்ளே வைத்து, பலகை போட்டு, கலவை பூசினார்கள். பூச்சு காயுமுன்பே இடுக்கில் ஆவி வரத் தொடங்கியது. ராவினியா அதன் மேல் கையை வைத்தாள். அவன் மேல் கை வைத்ததுபோலவே சூடாக இருந்தது. அதனால்தான் உடனே கையை எடுத்துவிட்டாள்.

ரிபேகா பக்கத்திலிருந்த வெற்று மேடையைக் காட்டினாள். புல் செதுக்கி, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தது. "இது உன் எடம், தங்கச்சி. தியோபிரா அண்ணன்தான் காலையிலயே ஒதுக்கச் சொன்னாரு. அவனைத் தனியா விட்டுர மாட்டோம். நீ வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்குறோம்."

அதில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. ராவினியா அவளைக் கட்டிக்கொண்டாள். மயானத்து வாசலில் எல்லோரும் செய்வதுபோலக் கையைக் கழுவி, தலையில் தெளித்துக்கொண்டாள். தண்ணீர் அங்கேயும் வெதுவெதுவென்றுதான் இருந்தது.

விருந்து முடிந்து, சேறு படிந்த காரில் ஆறாவது ஆளாக நெருக்கிக்கொண்டு கிளம்பினாள். தௌபோ ஏரி தெரியும் இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். பொட்டலம் பிரித்து மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் காரின் முகப்பில் வைத்துச் சாப்பிட்டார்கள். மழை விட்டு, மங்கலான வெயில் வந்திருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று பராதேனே மொறுமொறுப்பான துண்டுகளாகப் பொறுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

"மாமா."

"சொல்லு."

"எரானா பக்கத்துல எனக்குத்தான் எடம். வேற யார் வந்து கேட்டாலும், எந்த ஊர்லேருந்து வந்து கேட்டாலும்."

கிழவர் கையைத் துடைத்துக்கொண்டார். வண்டி ஓட்டி வந்தவன் வாய்க்குக் கொண்டுபோன துண்டைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான்.

"அந்தச் சரிவுல உனக்கு எடம் வச்சிருக்காங்க" என்றார் பராதேனே.

"தெரியும்."

"அவனை விட்டுட்டு..."

"தெரியும், மாமா. அவன் சின்னப் புள்ளை இல்ல."

பராதேனே மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மண்டபத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"திரும்பச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் திரும்பச் சொன்னாள். பகல் வெளிச்சத்தில், முழுப் பேரும் சொல்லி, எந்த ஊர், எந்த மயானம், யார் பக்கத்தில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவர் தலையசைத்து, "கேட்டாச்சு" என்றார். மிச்சமிருந்ததை மடித்து எடுத்துக்கொண்டு எல்லோரும் காரில் ஏறினார்கள்.